லிஸ்பனில் 27 மணித்தியாலம்: ஒரு புத்தகத்தைத் தேடிப் போன கதை



2023 கோடை விடுமுறையில் பரிசில் சித்தப்பாவின் மகளுக்குக் கல்யாணம். ரொறன்ரோவில் இருந்து நேரே பரிசுக்குப் போக நான்கு பேருக்கு எவ்வளவு என்று பார்த்த அப்பா, கணினியை மூடிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். பிறகு நான் தேடியதில் லிஸ்பன் வழியாக ஒரு மலிவான டிக்கெட் கிடைத்தது. ஒரேயொரு சிக்கல்: லிஸ்பனில் 27 மணித்தியாலம் நிற்க வேண்டும்.

"27 மணித்தியாலம் எயார்போட் கதிரையிலயோ?" என்று அம்மா கேட்டார்.

"இல்லை அம்மா, வெளியில போய் ஊர் பார்ப்பம்" என்றேன்.

அந்த 27 மணித்தியாலத்தில் நாங்கள் என்ன பார்த்தோம், நீங்கள் போனால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு. ஆனால் ஊர் சுற்றிய கதையோடு ஒரு புத்தகத்தின் கதையும் வரும். அந்தப் புத்தகத்தின் வயது 450 ஆண்டுகளுக்கும் மேல். அதை என் தம்பிக்குக் காட்டத்தான் நான் லிஸ்பனைத் தேர்ந்தெடுத்தேன். டிக்கெட் விலை அப்பாவுக்குச் சொன்ன காரணம்!

தம்பியின் பிரச்சினை

தம்பிக்கு 15 வயது. தமிழ் நன்றாகப் பேசுவான். தமிழ்ப் பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டுவிட்டான். அதனால் எழுத வராது. பருத்தித்துறையில் இருக்கும் அம்மம்மாவுக்குத் தொலைபேசியில் செய்தி அனுப்புவான். "அம்மம்மா சுகமா, சாப்பிட்டீங்களா" என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டி அனுப்புவான். அம்மம்மா அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பார். இது இரண்டு வருடமாக நடந்து வந்தது.

ஒரு நாள் ஒரு பிறந்தநாள் விழாவில் உறவினர் ஒருவர் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டார். எல்லோர் முன்னாலும் அதை உரக்க வாசித்து, "இதென்ன, தமிழோ?" என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். ஆனால் அன்றோடு அம்மம்மாவுக்குச் செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டான். கேட்டால் "நேரம் இல்லை" என்பான்.

உங்களில் பலருக்கும் இப்படி ஒரு அனுபவம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விமான நிலையத்தில் இருந்து நகரத்துக்கு

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இறங்கினோம். லிஸ்பன் விமான நிலையம் நகரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. வாசலிலேயே மெற்றோ இருக்கிறது. சிவப்புப் பாதையில் ஏறி, அலமேடா என்ற நிலையத்தில் பச்சைப் பாதைக்கு மாறினால் நகரின் நடுவே இருக்கும் ரொசியோ சதுக்கத்தில் இறங்கலாம். டாக்சி தேவையே இல்லை. இயந்திரத்தில் ஒரு அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டால் மெற்றோ, டிராம், புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்தலாம். ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும். ஒரே அட்டையை நான்கு பேர் மாற்றி மாற்றித் தட்ட முடியாது. அப்பா முயற்சி செய்து பார்த்தார்!

ரொசியோவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வீட்டில் அறை எடுத்திருந்தோம். பைகளை வைத்ததும் தம்பி சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளைப் பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டில் தங்குபவர்களுக்கான விதிகள் அவை. இடது பக்கம் போர்த்துக்கேய மொழியில், வலது பக்கம் ஆங்கிலத்தில்.

"அக்கா, இங்க வந்து பார். ஆங்கிலத்தில கிச்சின் எண்டு போட்டிருக்கிற இடத்தில, மற்றப் பக்கம் 'குஸீன்யா' எண்டு கிடக்கு. இது எங்கட குசினி எல்லோ?"

நான் சிரித்துக்கொண்டு, "மிச்சத்தையும் பார்" என்றேன்.

அவன் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தான். துவாய் அங்கே 'துவால்யா'. யன்னல் 'ஜனெலா'. மேசை 'மேசா'. அலுமாரி 'அர்மாரியு'. தொலைபேசியில் தேடத் தொடங்கினான். கதிரை என்பது 'கதெய்ரா'. சப்பாத்து 'சப்பாட்டு'. லேஞ்சி 'லென்சு'. விறாந்தை 'வராண்டா'. பாண் என்பதை அவர்கள் மூக்கால் சொல்கிறார்கள், ஆனால் அதே சொல்தான். உட்காரும் வாங்கு, கடப்பாரைக்கு நாங்கள் சொல்லும் அலவாங்கு எல்லாமே இங்கிருந்து கப்பலில் வந்தவை.

"அப்ப நாங்கள் வீட்டில கதைக்கிறது தமிழ் இல்லையோ?" என்று தம்பி கேட்டான்.

அப்பா சொன்னார்: "ஐநூறு வருசமா எங்கட வீட்டுக்குள்ள இருக்கிற கதிரை எங்கட கதிரைதானே."

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஒரு மொழி இன்னொரு மொழியில் இருந்து சொல்லை எடுப்பது குறை இல்லை. எப்படி எடுத்தது, எந்த நிலையில் எடுத்தது என்பதுதான் வரலாறு. அந்த வரலாற்றைப் பார்க்க வெளியே புறப்பட்டோம்.

ஒரு காலையில் இடிந்த நகரம்

ரொசியோவில் நின்று மேலே பார்த்தால் குன்றின்மேல் கூரை இல்லாத ஒரு பெரிய கல் கட்டடம் தெரியும். அது கார்மோ மடத்தின் தேவாலயம். வளைவுகள் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. கூரையை மீண்டும் போடாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

1755 நவம்பர் 1 காலையில் லிஸ்பனைப் பெரிய நிலநடுக்கம் தாக்கியது. அன்று எல்லாப் புனிதர்களின் திருநாள். மக்கள் தேவாலயங்களில் நிறைந்திருந்தார்கள். கட்டடங்கள் அவர்கள்மேல் விழுந்தன. தப்பியவர்கள் ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே கடல் பொங்கி வந்தது. 2004இல் நம் கரைகளை அழித்த சுனாமியைப் போன்ற ஒன்று. பிறகு திருநாளுக்காக ஏற்றிய மெழுகுவர்த்திகளும் அடுப்புகளும் பற்றி நகரம் நாள்கணக்கில் எரிந்தது. பல்லாயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள்.

அதன்பின் பொம்பால் என்று அறியப்படும் அமைச்சர் நகரத்தின் நடுப்பகுதியைப் புதிதாகக் கட்டினார். அதனால்தான் பைஷா என்ற அந்தப் பகுதியில் தெருக்கள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருக்கின்றன. சுவர்களுக்குள்ளே மரச் சட்டங்களால் கூண்டு போல ஒன்று வைத்துக் கட்டினார்கள். நிலம் ஆடினால் கட்டடமும் கொஞ்சம் ஆடிவிட்டு நிற்கும். நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கென்றே திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஐரோப்பாவின் ஆரம்பகாலக் கட்டடங்களில் இவையும் அடங்கும்.

நேரான தெருவில் பத்து நிமிடம் நடந்தால் ஆற்றங்கரையில் பெரிய சதுக்கம் வரும். அதன் இன்றைய பெயர் வணிகச் சதுக்கம் என்று பொருள்படும். ஆனால் ஊர்க்காரர்கள் இன்னும் 'அரண்மனை முற்றம்' என்றுதான் சொல்கிறார்கள். 1755 வரை அங்கே அரசனின் அரண்மனை இருந்தது. கீழைநாட்டு வணிகத்தை நடத்திய 'இந்திய இல்லம்' என்ற அலுவலகமும் அங்கேதான் இருந்தது. மிளகும் கறுவாவும் வந்த கணக்கு, கப்பல் குறிப்புகள், அரசனின் நூலகம் எல்லாம் ஒரே நாளில் போய்விட்டன.

யாழ்ப்பாண நூலகம் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே எரித்தவர்கள் மனிதர்கள், இங்கே இயற்கை. ஆனாலும் அந்தச் சதுக்கத்தில் நிற்கும்போது அப்பா ஒன்றும் பேசவில்லை.

சரக்கு வரியில் கட்டிய மடம்

அந்தச் சதுக்கத்தில் இருந்தே 15ஆம் இலக்க டிராம் பெலேம் என்ற இடத்துக்குப் போகிறது. ஆற்றோரமாக மேற்கே போகும் பாதை. கூட்டமாக இருந்தால் கைஷ் தோ சொத்ரே நிலையத்தில் இருந்து ரயிலிலும் போகலாம். அது இன்னும் வேகம்.

1497 ஜூலையில் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் பெலேம் கரையில் இருந்துதான் புறப்பட்டன. அடுத்த ஆண்டு மே மாதம் அவை கோழிக்கோட்டை அடைந்தன. அந்தப் பயணம் கொண்டுவந்த செல்வத்தைக் காட்ட இங்கே ஒரு மடம் நிற்கிறது. அதன் பெயர் ஜெரோனிமோஸ் மடம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கி, முடிக்க ஏறக்குறைய நூறு ஆண்டு எடுத்தது. ஆப்பிரிக்காவில் இருந்தும் கிழக்கில் இருந்தும் வந்த சரக்குகள்மேல் போட்ட 5 வீத வரிதான் அதைக் கட்டிய பணம். தூண்களில் கயிறு, முடிச்சு, கடல் தாவரம் என்று கப்பலோட்டிகளின் உலகமே கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது.

நாங்கள் போனபோது தேவாலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. மடத்தின் உள்முற்றத்துக்குத்தான் டிக்கெட். உள்ளே போனதும் இரண்டு பக்கமும் இரண்டு கல்லறைகள். ஒன்று வாஸ்கோ ட காமாவுடையது. அவர் 1524இல் கொச்சியில் இறந்தார். முதலில் கொச்சியில்தான் புதைத்தார்கள். பிறகு எலும்புகளைப் போர்த்துகலுக்குக் கொண்டுவந்தார்கள். மற்றது காமாவின் பயணத்தைக் காவியமாகப் பாடிய கமோயிஷ் என்ற கவிஞரின் நினைவாக வைத்தது.

தம்பியை நான் முன்னே அழைத்துப் போனேன். பலிபீடத்துக்கு அருகே அரசர்களின் கல்லறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கல்லறையையும் இரண்டு பளிங்கு யானைகள் சுமக்கின்றன. ஐரோப்பிய அரசன் ஒருவனை ஏன் யானை சுமக்க வேண்டும்? கிழக்கு எங்கள் கையில் என்று சொல்லத்தான்.

"இதில மூன்றாம் ஜுவாவ் எண்ட ராஜாவின்ர பெயரை ஞாபகம் வை" என்றேன். "இவர் காலத்திலதான் நாங்கள் தேடி வந்த புத்தகம் அச்சடிச்சது."

"என்ன புத்தகம்?"

"வா, காட்டுறன்."

மூடிய கதவு

மடத்தின் மேற்குப் பக்கமாக நீண்ட ஒரு கட்டடம் ஒட்டியபடி போகிறது. அதில்தான் போர்த்துகலின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. நான் ஆர்வமாக முன்னே நடந்தேன். கதவு மூடியிருந்தது. சீரமைப்பு வேலை நடப்பதாக அறிவிப்பு. போன ஆண்டே மூடிவிட்டார்கள். நான்தான் சரியாகப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

(பயணக் குறிப்பு: எந்த அருங்காட்சியகத்துக்கும் போகுமுன் அது திறந்திருக்கிறதா என்று அதன் சொந்த இணையத்தளத்தில் பாருங்கள். உங்கள் அக்காவை நம்ப வேண்டாம்.)

அங்கேயே மதில் நிழலில் உட்கார்ந்து கதையைச் சொன்னேன்.

1554ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், லிஸ்பனில் ஒரு சிறிய புத்தகம் அச்சாகி வந்தது. பெயர் 'கார்த்தில்யா'. அரிச்சுவடி என்று சொல்லலாம். கத்தோலிக்க சமயத்தின் அடிப்படைச் செபங்களும் போதனைகளும் தமிழிலும் போர்த்துக்கேய மொழியிலும் உள்ள புத்தகம். கறுப்பு, சிவப்பு என இரண்டு நிற மையில் அச்சடித்தார்கள். இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புத்தகமாக அறியப்படுவது இதுதான். அச்சு இயந்திரத்துக்குள் போன முதல் இந்திய மொழி தமிழ். அது நடந்தது மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இல்லை. நாங்கள் காலையில் நடந்த இதே நகரத்தில்.

"எங்கட எழுத்து அப்பவே அச்சில வந்ததோ?" என்று தம்பி கேட்டான்.

"அதுதான் விசயம். எழுத்து எங்கட எழுத்து இல்லை. நீ அம்மம்மாவுக்கு அனுப்பினாய் எல்லோ, அந்த எழுத்து. தமிழை ஏ, பி, சி எழுத்திலதான் அச்சடிச்சிருக்கினம்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தான்.

ஏன் அப்படி? தமிழ் எழுத்துகளுக்கு உலோக அச்சு அப்போது உலகத்தில் எங்கும் இல்லை. லிஸ்பன் அச்சகத்தில் இருந்தது இலத்தீன் எழுத்து மட்டும்தான். அந்தப் புத்தகத்தை வாசிக்க வேண்டிய பாதிரிமாருக்கும் அதுதான் தெரியும். இருக்கும் எழுத்தில் இல்லாத மொழியை எழுத வேண்டிய நிலை. தமிழ் விசைப்பலகை இல்லாத தொலைபேசி வைத்திருந்த எங்கள் அண்ணாமாரின் நிலையும் அதேதான்.

மூன்று பெயர்கள்

இந்தப் புத்தகத்தின் முன்னுரையில் மூன்று இந்தியர்களின் பெயர்கள் இருக்கின்றன. வின்சென்ட் த நசரே, ஜோர்ஜ் கர்வாலோ, தோமா த குரூஸ். பெயரைக் கேட்டால் போர்த்துக்கேயர் போல இருக்கும். ஆனால் இவை சமயம் மாறியபோது கிடைத்த பெயர்கள். இவர்கள் தமிழகத்தின் முத்துக்குளித்துறைக் கரையோரத்துப் பரதவர் சமூகத்தோடு தொடர்புடையவர்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். இவர்களுக்கு உதவியாக ஒரு பிரான்சிஸ்கன் துறவியும் இருந்தார்.

1530களில் அந்தக் கரையில் முத்துக்குளிப்பு உரிமை பற்றிப் பெரிய சண்டை இருந்தது. பரதவர்கள் போர்த்துக்கேயரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். பாதுகாப்போடு சமயமும் வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். 1541இல் லிஸ்பனில் இருந்து கப்பலேறிய பிரான்சிஸ் சவேரியார் அடுத்த ஆண்டு அந்தக் கரைக்குப் போனபோது அவருக்குத் தமிழ் தெரியாது. ஊர்க்காரர்களின் உதவியோடு செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்துதான் சொல்லிக் கொடுத்தார். தமிழ் கற்க ஒரு புத்தகம் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம்மைப்போல வெளிநாட்டில் இருந்த மூன்று தமிழர். ஊரில் ஒரு பெயர், இங்கே ஒரு பெயர். வீட்டு மொழி ஒன்று, எழுதும் எழுத்து வேறொன்று. அம்மா பேசிய மொழியை அந்நிய எழுத்துக்குள் எப்படிப் புகுத்துவது என்று ஒரு மேசையைச் சுற்றி இருந்து யோசித்திருப்பார்கள். தங்கள் மொழியில் அச்சான முதல் புத்தகத்துக்கு உழைக்கிறோம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்குமா?

இந்தப் புத்தகத்தைப் பற்றித் தமிழ் உலகத்துக்கு விரிவாக எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் தனிநாயகம் அடிகள். ஊர்காவற்றுறைப் பக்கம் கரம்பொனில் பிறந்தவர். உலகத் தமிழாராய்ச்சி மாநாடுகள் தொடங்கக் காரணமாக இருந்தவர். ஐரோப்பிய நூலகங்களில் கிடந்த பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேடித் தேடிப் பார்த்தவர். அவர் கதையைப் படித்துத்தான் இந்த மூடிய கதவுக்கு முன்னால் நான் வந்து நின்றேன்.

கல்லில் இல்லாத பெயர்

மடத்துக்கு முன்னால் தெருவைக் கடந்து ஆற்றங்கரைக்குப் போனால் கப்பல் வடிவில் ஒரு பெரிய நினைவுச் சின்னம் இருக்கிறது. 56 மீற்றர் உயரம். 1940இல் ஒரு கண்காட்சிக்காகத் தற்காலிகமாகக் கட்டி, 1960இல் நிரந்தரமாகக் கட்டினார்கள். கடலோடிகள், அரசர்கள், பாதிரிமார், கவிஞர் என்று 33 உருவங்கள். ஒரேயொரு பெண்தான். சவேரியார் இருக்கிறார். கமோயிஷ் இருக்கிறார். கீழே தரையில் பளிங்கில் பெரிய உலக வரைபடம். போர்த்துக்கேயக் கப்பல்கள் எந்த இடத்தை எந்த ஆண்டில் அடைந்தன என்று அதில் குறித்திருக்கிறார்கள்.

எல்லோரும் அந்த வரைபடத்தில் தங்கள் நாட்டின்மேல் நின்று படம் எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம். பிறகு தம்பி மேலே பார்த்து, "அந்த மூண்டு பேரும் இதில இல்லையோ?" என்று கேட்டான்.

இல்லை. அவர்களோடு பேச்சுத்துணையாக இருந்தவர்கள், கப்பலுக்கு வழி காட்டியவர்கள், அடிமைகளாக இந்த நகரத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள், யாரும் இல்லை.

இங்கே ஒரு விசயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதல் அச்சுப் புத்தகம் என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் அது தமிழின்மேல் இருந்த அன்பால் மட்டும் வந்ததல்ல. அரசனின் கட்டளையில், சமயத்தைப் பரப்பவும் அதிகாரத்தை நிலைநிறுத்தவும் வந்தது. அதே அரசின் படைகள் 1560இல் நல்லூரைத் தாக்கின. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றின. கடைசி அரசன் சங்கிலி குமாரனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். நல்லூர்க் கோயிலை இடித்தார்கள். கதிரையும் குசினியும் பாணும் வந்த கப்பலில் பீரங்கியும் வந்தது. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைத்தால் அது வரலாறு இல்லை.

அப்படியென்றால் அந்த மூன்று பேரின் வேலையை என்ன செய்வது? அரசன் எதற்காகக் கேட்டானோ, அது அவனோடு போய்விட்டது. அவர்கள் எழுதி வைத்த தமிழ் இன்னும் இருக்கிறது.

வாசல் வேறு, வீடு வேறு

இதைக் கேட்டுவிட்டுத் தம்பி சொன்னான்: "அப்ப நான் எழுதுறதுதான் முதல் தமிழ். அந்த மாமாவிட்டச் சொல்லவேணும்!"

கொஞ்சம் பொறு தம்பி!

இலத்தீன் எழுத்தில் தமிழின் எல்லா ஒலிகளுக்கும் இடம் இல்லை. 'பல்லி' என்று எழுதினாலும் 'பள்ளி' என்று எழுதினாலும் ஆங்கில எழுத்தில் ஒன்றாகத்தான் வரும். 'மனம்', 'மணம்' இரண்டும் ஒன்று. 'அரை', 'அறை' இரண்டும் ஒன்று. தமிழ் தெரிந்தவர் வாசித்தால் ஊகித்துக்கொள்வார். தெரியாதவர் வாசித்தால் பள்ளிக்குப் பதில் பல்லியிடம் போய்விடுவார். 1554இல் அந்த மூன்று பேருக்கும் இந்தச் சிக்கல் இருந்திருக்கும்.

அதனால்தான் வேலை அதோடு நிற்கவில்லை. 24 ஆண்டுகள் கழித்து, 1578 ஒக்ரோபரில், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கப் புத்தகம் அச்சானது. அது தமிழ் எழுத்திலேயே வந்தது. அதன் பின்னால் இருந்த அன்ரிக்கே அன்ரிக்கஸ் என்ற பாதிரியார் முத்துக்குளித்துறையில் பல ஆண்டுகள் வாழ்ந்து தமிழ் கற்றவர். தமிழுக்கு இலக்கணக் குறிப்பும் எழுதியவர். ஒரு வெளிநாட்டவர் நம் எழுத்தைக் கற்று அச்சுக்குக் கொண்டுவந்தார் என்றால், வீட்டில் தமிழ் பேசும் நமக்கு அது முடியாதா?

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். ஆங்கில எழுத்தில் எழுதுவது வெட்கப்பட வேண்டிய விசயம் இல்லை. தமிழ் அச்சுக்குள் நுழைந்ததே அந்த வாசலால்தான். ஆனால் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தால் வீட்டைப் பார்க்க முடியாது.

கறுவாத்தூளும் ஒரு செய்தியும்

பெலேமில் 1837 முதல் முட்டைப்பால் கலவை வைத்த சிறிய பேஸ்ட்ரி விற்கும் கடை ஒன்று இருக்கிறது. வெளியே நீண்ட வரிசை. அது வாங்கிக்கொண்டு போகிறவர்களின் வரிசை. உள்ளே உட்கார்ந்து சாப்பிடப் பெரிய கூடங்கள் இருக்கின்றன, நேரே உள்ளே போய்ப் பாருங்கள். சுடச்சுடக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மேலே தூவக் கறுவாத்தூள் கொடுப்பார்கள். ஒரு காலத்தில் நல்ல கறுவா என்றால் இலங்கையின் தென்மேற்குக் காடுகளில் இருந்து வந்ததுதான். போர்த்துக்கேயர் இலங்கையை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு அந்தத் தூள் ஒரு முக்கிய காரணம். அம்மா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "எங்கட வீட்டு டப்பாவில இருக்கிற வாசம்" என்றார்.

தம்பி தொலைபேசியை எடுத்தான். ஏழு மாதத்துக்குப் பிறகு அம்மம்மாவுக்குச் செய்தி தட்டினான், அதே ஆங்கில எழுத்தில். "அம்மம்மா, இங்க கதிரையைக் கதிரை மாதிரித்தான் சொல்லுகினம்."

பருத்தித்துறையில் அப்போது இரவு. பதில் வரவில்லை. நாங்கள் டிராம் ஏறி அறைக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தோம். நான் அரைத் தூக்கத்தில் இருந்தபோது தம்பி தட்டி எழுப்பினான். "அக்கா, தமிழ்க் கீபோட் எப்பிடிப் போடுறது?" போட்டுக் கொடுத்தேன். மெல்ல மெல்ல ஒரு சொல்லை எழுதி அனுப்பினான்: 'கதிறை'.

காலையில் பார்த்த அம்மா திருத்த வாயெடுத்தார். நான் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். சற்று நேரத்தில் அம்மம்மாவின் குரல் செய்தி வந்தது. முந்திய செய்தியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசித்துச் சொன்னாளாம். இரண்டாவதை அம்மம்மாவே வாசித்தாராம். "யாரும் வாசிச்சுச் சொல்லேல்லை, நானே வாசிச்சன் ராசா. சாப்பிட்டியளோ?" என்று கேட்டிருந்தார். தம்பி அதை இரண்டு தரம் போட்டுக் கேட்டான்.

நீங்கள் போனால்

- நிற்கும் நேரம் எட்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக இருந்தால் பெலேம் வரை போய் அவதிப்பட வேண்டாம். ரொசியோ, ஆற்றங்கரைச் சதுக்கம் இரண்டும் போதும்.
- யாருடைய கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும் என்று முதலில் பாருங்கள். ஒரே குடும்பத்தில் உங்களிடம் கனடாக் கடவுச்சீட்டும் தாத்தாவிடம் இலங்கைக் கடவுச்சீட்டும் இருக்கலாம். அவருக்கு ஷெங்கன் விசா தேவைப்படும்.
- பைகள் நேரே அடுத்த ஊருக்குப் போகுமா, நீங்கள் எடுக்க வேண்டுமா என்று புறப்படும் இடத்திலேயே கேளுங்கள்.
- நல்ல சப்பாத்து அவசியம். நடைபாதைகள் சிறிய வழுவழுப்பான கற்களால் ஆனவை. ஊர் முழுக்கக் குன்று. மழையில் சறுக்கும்.
- 28ஆம் இலக்க டிராம் அழகுதான். ஆனால் கூட்டத்தில் பை திருடுபவர்களும் ஏறுவார்கள். 15லும் கவனம்.
- ஜெரோனிமோஸ் மடம் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். தேவாலயத்துக்குள் போகத் தோளை மூடும் உடை நல்லது.
- உணவகத்தில் நீங்கள் கேட்காமலே பாணும் ஒலிவ் காய்களும் கொண்டுவந்து வைப்பார்கள். அது இலவசம் இல்லை. வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பிக் கொடுக்கலாம்.
- சைவம் சாப்பிடுபவர்கள் கீரை சூப்பில் இறைச்சித் துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். சோறு தேடினால் மார்த்திம் மொனிஷ் பக்கம் போங்கள். தெற்காசியக் கடைகள் நிறைய உண்டு.

அருங்காட்சியகம் மறுபடி திறந்தபின் நான் திரும்பப் போவேன். இந்த முறை டிக்கெட் மலிவு என்று அப்பாவிடம் சொல்லத் தேவையில்லை. தம்பியே கேட்கிறான்.

உங்கள் வீட்டில் பேசும் சொற்களில் போர்த்துக்கேயத்தில் இருந்து வந்தவை எத்தனை என்று இன்று இரவு சாப்பாட்டு மேசையில் எண்ணிப் பாருங்கள். மேசையில் இருந்தே தொடங்கலாம். பிறகு உங்கள் அம்மம்மாவுக்கோ அப்பம்மாவுக்கோ ஒரு செய்தி அனுப்புங்கள். எந்த எழுத்தில் என்றாலும் சரி, அனுப்புங்கள். ஒரு சொல்லை மட்டும் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். பிழையாக இருந்தாலும் பரவாயில்லை.